நாற்பத்து நான்காவது பொருள்

செம்பியநத்தம் நகராட்சியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் வடிவம்மை. ஊர்க்கோடியில், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். சீடர் பூவராகன் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று பதினான்காவது வார்டில் கவுன்சிலர் ஆனவர். ஏழாம் வகுப்பில் வடிவம்மைக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதனால் சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "சார்" என்பார். பக்கத்தில் இருந்து கேட்பவர்கள்தான் குழம்பிப்போவார்கள். அவர்கள் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை பூவராகன் கோபமாக வந்தார். சைக்கிளை நிறுத்திய வேகத்திலேயே அது தெரிந்தது.

"அம்மா, ஒரு கேள்வி."

"உக்காருங்க சார்."

"உக்கார நேரமில்ல. நான் சொல்றது சரி. சரின்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஏன் ஒருத்தர்கூட எனக்காக எந்திரிக்க மாட்டேங்குறாங்க?"

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஊர்ச் சந்தையில் எண்பது பெண்கள் கடை போடுகிறார்கள். விடிவதற்குள் வந்தால் பொழுது சாய்ந்துதான் வீடு. அத்தனை பேருக்கும் அங்கே ஒரு கழிப்பறை கிடையாது. அதனால் பகல் முழுக்க அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. கீரை விற்கிற சிலம்பாயி போன சித்திரையில் தன் கீரைக்கட்டுகள் மேலேயே மயங்கி விழுந்தாள்.

சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று பூவராகன் மூன்று ஆண்டுகளாகப் பட்ஜெட் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். நகர்மன்றத்தில் ஒருவர் முன்மொழிந்தால் போதாது. இன்னொருவர் எழுந்து "வழிமொழிகிறேன்" என்று சொன்னால்தான் அது மேலே போகும். அவர் ஒவ்வோர் ஆண்டும் முக்கால் மணி நேரம் பேசுவார். மற்றவர்கள் வெட்கப்பட வேண்டும் என்பதை நாலு இடத்தில் அழுத்திச் சொல்வார். பிறகு நகர்மன்றத் தலைவி "வழிமொழிபவர்?" என்று கேட்பார். மூன்று ஆண்டும் மற்ற இருபது உறுப்பினர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

கூட்டப் பட்டியலில் இருக்கும் மற்ற பொருள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்தர் "ஒன்று முதல் கடைசி வரை" என்பார். "ஆல் பாஸ்?" என்பார் தலைவி. "ஆல் பாஸ்!" என்று மேஜையைத் தட்டுவார்கள். பதினோரு நிமிடத்தில் கேசரியும் போண்டாவும் வந்துவிடும்.

"கூட்டம் எப்ப சார்?" என்று குரு கேட்டார்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு. வரைவுப் பட்டியல் குடுத்துட்டாங்க. நம்ம தீர்மானம் இருந்தா எழுதிக் குடுக்கணும்."

"அந்தப் பட்டியல்ல எத்தன பொருள்?"

"நாப்பத்து மூணு. எல்லாம் சில்லறை. வால்வு, லைட்டு, கயிறு."

"மத்தவங்க பொருள் எதையாவது நீங்க வழிமொழிஞ்சிருக்கீங்களா?"

"அதுக்கெல்லாமா எந்திரிப்பாங்க?"

"ஒண்ணாவது வாசிங்க."

பூவராகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மூன்றாவது வார்டு, குயவர் தெரு முனையில் குடிநீர்க் குழாய் வால்வு மாற்றுதல்."

"அந்த வால்வு எப்படி இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பாத்துட்டு வாங்க சார்."

குருவே சொன்ன பிறகு என்ன செய்வது? போனார். மறுநாள் வந்தார்.

"பாத்தேன். கசியுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கசியுது."

"ரெண்டாவது வாசிங்க."

"அம்மா, நான் கேட்ட கேள்வி..."

"ரெண்டாவது சார்."

இரண்டாவது, ஏழாவது வார்டில் ஒரு தெருவிளக்குக் கம்பத்தை நான்கடி நகர்த்துவது. நான்கடி நகர்த்தி என்ன ஆகப்போகிறது என்று முனகிக்கொண்டே விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ப் பார்த்தார். அடுத்த நாள் காலையில் அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூட மறந்துவிட்டார். சைக்கிள் பாட்டுக்குச் சாய்ந்து விழுந்தது.

"அம்மா, அந்த லைட்டு வேப்பமரத்துக்குள்ள எரியுது! தெருவுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. காக்கா பூரா விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு முழிச்சிட்டுக் கத்துது. அந்தத் தெருவே தூக்கம் கெட்டுக் காக்காயத் திட்டிக்கிட்டு இருக்கு."

குரு வாய்விட்டுச் சிரித்தார்.

"அதோட, வர்ற வழியில அந்த வால்வை இன்னொரு தடவ பாத்தேன். மொத தடவ சரியாப் பாக்கல. அது கசியிற தண்ணியில ஒரு வாழை வளந்து குலையே தள்ளியிருக்கு. வால்வை மாத்துனா வாழைக்கு என்ன கதின்னு அந்த வீட்டம்மா கவலையா நிக்குது."

"மூணாவது வாசிங்க சார்."

அதன் பிறகு குரு சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூவராகன் காலையில் வந்து ஒன்றிரண்டு பொருளை வாசிப்பார், கிளம்பிவிடுவார். பூங்காவுக்கு ஊஞ்சல் கயிறு வாங்கும் பொருளைப் பார்க்கப் போனவர் அங்கேயே அரைநாள் இருந்துவிட்டார். ஒரு பக்கக் கயிறு அறுந்துபோன ஊஞ்சலில் பிள்ளைகள் செங்குத்தாகத் தொங்கிய பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றினார்கள். முழு ஊஞ்சலைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று ஒரு சிறுமி அவரிடம் சத்தியம் செய்தாள்.

இருபத்தொன்பதாவது பொருள் நகராட்சிக் கட்டடத்தின் மேலே இருக்கும் சங்கு. பகல் பன்னிரண்டுக்கு அது ஊதினால்தான் ஊரில் பாதிப் பேர் உலையில் அரிசி போடுவார்கள். இப்போது அது ஊதுவதில்லை, மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. "அந்த இருமலுக்கே அரிசி போடப் பழகிட்டாங்கம்மா," என்றார் பூவராகன். சொல்லிவிட்டு அதே போல இருமியும் காட்டினார்.

பார்த்ததையெல்லாம் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் வரைந்துவைத்தார். ஓய்வுபெற்ற பிறகு அவர் பென்சிலைத் தொட்டே ஐந்து வருடம் ஆகியிருந்தது. வாழை, காக்கை மரம், ஊஞ்சல் என்று ஓரங்கள் நிறைந்தன. அவர் முதல்நாள் கேட்ட கேள்வியைப் பற்றி குரு பேசவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

கூட்ட நாள் வந்தது. எழுத்தர் "ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை" என்று தொடங்கினார். பூவராகன் எழுந்தார்.

"போச்சுடா," என்றார் மதலைமுத்து. மூன்றாவது வார்டு கவுன்சிலர், மைக்செட் கடைக்காரர். மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும் குரல். "போண்டா ஆறிப்போகும்."

"எதிர்ப்பா சார்?" என்று தலைவி சலிப்போடு கேட்டார்.

"இல்லம்மா. ஒண்ணாவது பொருளை வழிமொழியிறேன்."

தலைவி தன் காதையே நம்பாமல் எழுத்தரைப் பார்த்தார். பூவராகன் வால்வைப் பற்றிச் சொன்னார். வாழையைச் சொன்னார். அதை வேரோடு பெயர்த்து நாலடி தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் அந்த அம்மாவும் சந்தோஷப்படும் என்றார்.

"குலை தள்ளுன வாழையா? எங்க வார்டுலயா? எனக்கே தெரியாதே!" என்றார் மதலைமுத்து.

"வால்வு மட்டும் உங்களோடது, குலை எங்களுக்கு," என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, மன்றம் சிரித்தது.

இரண்டாவது பொருளை வழிமொழிந்தார். மூன்றாவதை வழிமொழிந்தார். படம் வரைந்த பட்டியல் கைக்குக் கை போயிற்று. பத்தாவது பொருளுக்குள் "எங்க வார்டு எப்ப சார் வரும்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பூவராகன் சங்கைப் போல இருமிக் காட்டியபோது தலைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கள் வார்டைப் பற்றித் தங்களுக்கே தெரியாத ஒன்றை இன்னொருவர் சொல்லக் கேட்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு குஷி. பதினோரு நிமிடத்தில் முடிகிற பட்டியல் இரண்டரை மணி நேரம் ஓடியது. போண்டா ஆறிக் கல்லாகிவிட்டது. யாரும் அதைக் கேட்கவில்லை.

நாற்பத்து மூன்றும் நிறைவேறின.

"இனி உங்க தீர்மானந்தானே சார்?" தலைவி சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

எழுத்தர் குனிந்து சொன்னார்: "சார் இந்த வருசம் எழுதிக் குடுக்கலைங்க. பத்து நாளைக்கு முன்னாடியே கெடு முடிஞ்சிருச்சு."

பத்து நாளைக்கு முன்னால் பூவராகன் பூங்காவில் ஊஞ்சல் வரைந்துகொண்டிருந்தார். புதிதாக அச்சடித்து வந்த பட்டியலை அவர் பிரித்தே பார்க்கவில்லை.

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே வாசலில் சிலம்பாயி காலிக் கூடையோடு நின்றிருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் முடியும் வரை அங்கே வந்து நிற்பாள்.

"மறந்துட்டேன்," என்றார். "மூணு வருசமா கத்திக்கிட்டிருந்தேன். இந்த வருசம் மறந்தே போயிட்டேன்." அவமானத்தில் முகம் சுண்டிப்போயிற்று.

இந்த முறை ஒருவரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

மதலைமுத்து எழுந்தார். "தலைவியம்மா, அவசரப் பொருள்னு ஒண்ணு எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம். யாராவது முன்மொழியணும்."

"நான் முன்மொழியிறேன். சந்தையில பொம்பளைங்களுக்குக் கழிப்பறை." அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஊருக்கே கேட்கிற குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "எங்க அக்கா அங்கதான் கருவாடு விக்குது. சார் பேசுறப்பல்லாம் நான் தலையத் தூக்கல. எந்திரிச்சா அவருகிட்டத் தோத்துப்போற மாதிரி இருந்துச்சு. எங்க அக்காவுக்காகக்கூட எந்திரிக்கல."

தலைவி வழக்கம்போலக் கேட்டார்:

"வழிமொழிபவர்?"

இருபது பேரும் பூவராகனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து நாற்பத்து மூன்று முறை சொன்ன சொல். அவர் எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"வழிமொழியிறேன்," என்றார்.

எழுத்தர் கையால் நாற்பத்து நான்கு என்று எழுதினார். "ஆல் பாஸ்!" என்று அவர்கள் தட்டிய தட்டில் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளர்கள் உருண்டன. அந்தச் சத்தத்துக்கே என்னவோ ஏதோ என்று சிலம்பாயி உள்ளே ஓடிவந்தாள்.

"நிறைவேறிடுச்சு சிலம்பாயி," என்றார் பூவராகன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகம் கோணிற்று. பிறகு கேட்டாள்:

"கதவுக்கு உள்ள தாழ்ப்பாள் இருக்குமா சார்?"

மூன்று ஆண்டுகளாக அவர் எழுதிய தீர்மானத்தில் சுவரில் பதிக்கும் ஓட்டின் நிறம் இருந்தது, தொட்டியின் அளவு இருந்தது. தாழ்ப்பாள் இல்லை. அவர் அவளிடம் கேட்டதும் இல்லை.

"ஐயா, ஒரு வரி சேக்கணும்," என்று எழுத்தரைக் கூப்பிட்டார்.

"நல்லா வலுவான தாழ்ப்பாள்னு எழுதுங்க," என்றார் மதலைமுத்து. குரல் பழையபடி வெளித்தெரு வரை கேட்டது.

மாலையில் பூவராகன் ஒரு பொட்டலம் கேசரியோடு குருவிடம் போனார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். குரு கேசரி தின்றுகொண்டே கேட்டார், தாழ்ப்பாளைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார், மதலைமுத்துவின் அக்காவைக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் சீடர் கிளம்பவில்லை.

"இன்னும் என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுங்க."

"கட்டி முடிச்சதும் கல்வெட்டு வைப்பாங்க." பூவராகன் தரையைப் பார்த்துச் சொன்னார். "முன்மொழிந்தவர்னு மதலைமுத்து பேரைத்தான் பெருசா வெட்டுவாங்க. மூணு வருசம் கத்துனது நான். சின்னத்தனம்தான். ஆனாலும் உறுத்துது."

குரு விரலில் ஒட்டியிருந்த நெய்யைத் துடைத்துக்கொண்டார்.

"கல்லு எங்க வைப்பாங்க சார்?"

"வாசல்ல. கதவுக்குப் பக்கத்துலயே, எல்லாரும் பாக்குற மாதிரி."

"அந்தக் கதவுக்கு ஓடி வர்றவ, நின்னு பேரையா சார் படிப்பா?"