சின்னவெள்ளி நகரவில்லை

அந்தக் காலத்தில் நட்சத்திரங்களுக்கு நிலையான இடம் கிடையாது. மந்தை ஆடுகளைப் போல வானமெங்கும் இஷ்டத்துக்குத் திரிந்தன. கீழே நண்டு பேசியது, மேலே நட்சத்திரம் பேசியது. ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்டது.

நட்சத்திரங்களில் கடைக்குட்டி சின்னவெள்ளி. கூச்சக்காரி. கடலில் போகிற கப்பலுக்குத் துணையாகப் பாய்மரத்துக்கு நேர் மேலே சத்தமில்லாமல் கூடவே போவாள். யாராவது அண்ணாந்து பார்த்தால் மேகத்துக்குள் ஒளிந்துகொள்வாள்.

ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில், மேற்குத் தேசத்து மாலுமி லூக்காவின் கப்பல் நம் கிழக்குக் கரையை நெருங்கியது. வழியில் நீருக்கடியில் நீளமான பவளப்பாறை. நீருக்கு மேலே நீட்டிய பாறை முனையில் உட்கார்ந்திருந்த நண்டு, "ஐயா, இது வழியில்லை. சுத்திப் போங்க," என்றது.

"பின்னாடி இன்னொரு கப்பல் வருது. அவன் முந்திக்கிட்டா என் மீசைக்கு என்ன மரியாதை?" என்றான் லூக்கா.

"மீசை தப்பிக்கும். பலகை தப்பிக்காது."

லூக்கா சிரித்துவிட்டுக் கப்பலை நேராக விட்டான். பாறை அடிவயிற்றைக் கிழித்தது. கப்பலில் இருந்த பதினேழு பேரும் உடைந்த பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள்.

கரையில் உலர்ந்த மீனை அள்ளிக்கொண்டிருந்த பேச்சியாயி ஓடி வந்தாள். "எப்படிய்யா ஆச்சு?"

உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். லூக்கா அண்ணாந்து பார்த்தான். பதற்றத்தில் ஒளிந்துகொள்ள மறந்து, சின்னவெள்ளி தலைக்கு மேலே நின்றாள்.

"அதோ, அந்தக் கெட்ட நட்சத்திரம். புறப்பட்டதிலிருந்து தொத்திக்கிட்டே வந்துச்சு. எல்லாம் அதால வந்த வினை."

பாறையில் மோதிய கதையை நண்டு சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. கரைச் சனம் வானத்தைப் பார்த்துத் திட்டியது. பிள்ளைகளின் தலையை முந்தானையால் மூடியது. "உன்னால எங்களுக்கும் கெட்ட பேரு," என்று மற்ற நட்சத்திரங்கள் விலகிப் போயின.

நிலா மாமா வந்தார். "ஏ புள்ள, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமா போய் மறைஞ்சு இரு. மறந்துடுவாங்க."

"நான் மறைஞ்சா அவர் சொன்னது நெசம்னு ஆயிடும், மாமா."

"நின்னா ஏசுவாங்களே."

"ஏசட்டும். என்னை நல்லாப் பார்த்து ஏசட்டும்."

அதுவரை ஒளிந்தே பழகியவள், வடக்கே, கடல் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி போய் நின்றாள். பிறகு ஒரு அடி நகரவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. மேகம் விலகிய போதெல்லாம் அதே இடத்தில் இருந்தாள்.

ஒரு தடவை பேச்சியாயியின் புருஷன் ஆழ்கடலில் திசை தவறியும், விடிவதற்குள் வீடு வந்து சேர்ந்தான்.

"எதைப் பார்த்து வந்தே?"

"வலது கைப் பக்கம் அவளை வச்சுக்கிட்டு வந்தேன்."

"அந்த மூதேவியையா நம்புனே?"

"வேற யாரு நின்ன இடத்துல நிக்கிறா?"

பேச்சியாயி வெகுநேரம் வடக்கே பார்த்தாள். அப்புறம் திட்டவில்லை.

லூக்கா புதுக் கப்பல் கட்டி ஊருக்குக் கிளம்பினான். நடுக்கடலில் காற்று கப்பலைச் சுழற்றிவிட்டது. வானத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர. "எதைப் பார்த்துத் திருப்ப?" என்று கேட்டான் சுக்கான் பிடித்தவன். லூக்கா தலையைக் குனிந்தபடி வடக்கே கைகாட்டினான்.

ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பழைய கப்பல் எங்கே என்று ஊரார் கேட்டபோது மீசை மறுபடியும் முந்திக்கொண்டது. "கெட்ட நட்சத்திரம்," என்றான் லூக்கா. அந்தப் பேச்சு வாய் மாறி, தேசம் மாறி ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது. பேரழிவை அவர்கள் டிசாஸ்டர் என்கிறார்களே, கெட்ட நட்சத்திரம் என்பதுதான் அதன் பழைய பொருள்.

சேதி கேட்ட நண்டு கொதித்தது. "பார்த்தியா? நீ வீடு சேர்த்தவனே உன்னை ஏசுறான்."

"ஏறினது பதினேழு பேரு. இறங்கினதும் பதினேழு பேரு. என் கணக்கு சரியா இருக்கு," என்றாள் சின்னவெள்ளி.

அதைக் கேட்ட மற்ற நட்சத்திரங்கள் வெட்கப்பட்டு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கிட்டே வரக் கூசி, தள்ளி நின்று அவளைச் சுற்றத் தொடங்கின. அவளைத்தான் நாம் துருவ நட்சத்திரம் என்கிறோம்.

அன்று முதல்தான் வானமே இரவெல்லாம் அவளைச் சுற்றி வருகிறது. கெட்ட பேர் வாங்கியவள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறாள்.