ராஜா குடித்த அரை டம்ளர் காப்பி

ஒரு காலத்தில் வெண்முகில் மலைநாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ராணி இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவருக்குத் துணை காப்பிதான்.

ஒருநாள் காலை, நிறைந்த சபையில் டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"இது காப்பியா, கழுநீரா? ஏழாவது டம்ளர் இது. இன்னும் தூக்கம் கலையவில்லை!"

தன் மைத்துனனை அரண்மனை அடுக்களையில் நுழைக்கக் காத்திருந்த தளவாய் விருபாட்சிக்கு இது போதாதா?

"மகாராஜா, காப்பி போடும் அங்கம்மாள் தூளைத் திருடுகிறாள். நான் காப்பியைத் தொட்டதே இல்லை. எனக்கே தெரிகிறது, இது வெறும் தண்ணீர்!"

"நாளைக்கே அவள் ஊரைவிட்டுப் போகட்டும்!"

சொன்ன மறுகணமே ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். ராணியோடு அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தவள் அங்கம்மாள். ராணியைப் பற்றி இன்னும் பேசுகிற ஒரே ஆள். ஆனால் சபையில் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

மந்திரி நாகலிங்கம் எழுந்தார். "வெறும் தண்ணீர்தானே? அதே காப்பியில் தளவாய் இரண்டு டம்ளர் குடிக்கட்டுமே!"

"தாராளமாக!" என்று மடமடவென்று குடித்தார் தளவாய்.

அரை நாழிகைதான். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, வாய் ஓயவில்லை.

"யாரய்யா முரசு அடிப்பது? என் நெஞ்சா? ஐயோ! என் மைத்துனன் இதைவிட நன்றாகப் போடுவான், நாலு மாதமாக அவனுக்கு வாக்குக் கொடுத்து..."

சபை குலுங்கிச் சிரித்தது.

"காப்பியில் குறையில்லை, மகாராஜா. தங்கள் உடம்பு பழகிவிட்டது. தினமும் குடித்தால் பழைய அளவு எடுபடாது, கூடக் கேட்கும்" என்ற மந்திரி, காப்பிச் செம்போடு நின்ற அங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "அங்கம்மா, ராணியார் இருந்தபோது எத்தனை டம்ளர்?"

"காலையிலே ஒண்ணுதாங்க. அதிலேயும் பாதியை எங்க ராணிப் பொண்ணு டபராவிலே ஊத்தி வாங்கிக்கும்."

சபையில் சொன்ன சொல்லை ராஜா சபையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்.

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. தளவாய்க்கு ஒரு மாதம் அங்கம்மாளின் அடுப்புக்கு விறகு சுமக்கும் வேலை.

ராஜா காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பிறகு, உடம்பு பழக்கத்தை மறக்கட்டும் என்று சில நாள் அடியோடு நிறுத்தினார். தலைவலி மண்டையைப் பிளந்தது. யார்மீதும் எரிந்து விழாமல் பொறுத்துக்கொண்டார்.

இருபதாம் நாள் காலை அங்கம்மாள் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். அவர் பாதியை டபராவில் ஊற்றி எதிரே தள்ளிவைத்துவிட்டு, மீதியைக் குடித்தார். அரை டம்ளர்தான். கண் பளிச்சென்று திறந்துகொண்டது. ஜன்னலில் மலை தெரிந்தது. எதிரே இருந்த காலி ஆசனமும் தெரிந்தது.

"டபராவை எடுத்துக்கட்டுங்களா?"

"இருக்கட்டும், அங்கம்மா. அவள் ஆறின பிறகுதானே குடிப்பாள்."