நெருப்புக்குத் திறந்த காய்

முன்னொரு காலத்தில் முகிற்குன்றம் என்ற மலைநாட்டை நெடுங்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் போட்ட உத்தரவு மத்தியானத்துக்குள் மாறிவிடும். மாறாமல் நின்றது ஒன்றே ஒன்று: "மலைமேல் இருக்கும் ஊசியிலைக் காட்டுக்குள் நெருப்புக் கொண்டுபோனால் தலை போகும்." அந்தக் காட்டின்மேல் அவனுக்கு அத்தனை ஆசை.

இருபது வருஷம் அப்படியே போயிற்று. ஒருநாள், மரங்களில் பிசின் எடுத்துப் பிழைக்கும் கொற்றியைப் பிடித்துச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெற்குச் சரிவில் நெருப்பு வைத்துவிட்டாளாம்.

அரண்மனைத் தோட்ட அதிகாரி பூதரையருக்கு, காட்டைப் பற்றித் தன்னைத் தவிர வேறொருவர் வாய் திறந்தாலே சோறு இறங்காது. "பிரபு, விசாரணை எதற்கு? முகத்தில் கரி அப்பியிருக்கிறதே!" என்றார்.

"நீயா வைத்தாய்?" என்றான் ராஜா.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று கொற்றி ஒரு கணம் நினைத்தாள்.

"நான்தான் வச்சேன், மகாராஜா. அந்தக் காட்டிலே இருபது வருஷமா ஒரு கன்னுகூட முளைக்கலை. எல்லாம் வயசான மரம். தரையிலே முழங்கால் உசரத்துக்குக் காஞ்ச ஊசி. இடி விழுந்து பிடிச்சா உச்சிவரைக்கும் எரிஞ்சு ஒண்ணும் மிஞ்சாது. அதான் காத்து அடங்கின நேரமாப் பார்த்துத் தரையை மட்டும் எரிச்சேன். மரத்துக்குப் பட்டை தடிமன். மேலே கருகினாலும் உள்ளே உசிரு இருக்கும்."

"பிதற்றல்! நான் பாலூற்றிக் கன்று வளர்க்கிறேன், பிரபு" என்றார் பூதரையர்.

"எத்தனை முளைச்சுதுங்க, ஐயா?"

சபை சிரித்துவிட்டது. பூதரையர் பல்லைக் கடித்தார். கொற்றி மடியிலிருந்து கல்போல் மூடிய ஊசியிலை மரக் காய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதை உடைக்காம ஒரு விதை எடுக்கச் சொல்லுங்க, மகாராஜா."

பூதரையர் திருகினார். தண்ணீரில் போட்டார். கடைசியில் கடித்தும் பார்த்தார். ஒரு பல் ஆடியதுதான் மிச்சம்.

கொற்றி சாம்பிராணி போடும் தூபக்காலைக் கேட்டு வாங்கி, காயை இடுக்கியில் பிடித்துத் தணல்மேல் காட்டினாள். மூடியிருந்த பிசின் உருகிச் சொட்டியது. படபடவென்று செதில்கள் விரிந்தன. சிறகு முளைத்த விதைகள் சபையெங்கும் சுழன்றன. ஒன்று ராஜாவின் மீசையிலேயே போய் உட்கார்ந்தது.

"இது நெருப்புக்குப் பயந்து மூடிக்கிடக்கலை, மகாராஜா. நெருப்பு வராதான்னு காத்துக்கிடக்குது."

ராஜா விதையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "விதை வந்தது சரி. காடு வருமா? மழை முடியுமட்டும் தவணை. முளைக்காவிட்டால் தலை தப்பாது."

"முளைத்தால் என் பதவியையே இவளுக்குக் கொடுங்கள்!" என்று பூதரையர் உரக்கச் சிரித்தார்.

கொற்றியை எரிந்த தெற்குச் சரிவின் அடியில் ஒரு குடிசையில் காவலில் வைத்தார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை வராவிட்டால் போச்சு. கொட்டித் தீர்த்தாலோ, தீச்சூட்டில் காய் திறந்து சாம்பலில் விழுந்த விதையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். பறவைகள் சாம்பலைக் கிளறும்போதெல்லாம் கல்லை விட்டெறிந்தாள். தினமும் காலையில் ராஜா குதிரையில் வந்து, "முளைத்ததா?" என்பான். "இன்னும் இல்லீங்க" என்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும்.

மழை பெய்து பதினெட்டாம் நாள், சாம்பலில் தவழ்ந்து தேடியவள் அப்படியே நின்றாள். நூல்போல ஒரு பச்சை. தலையில் விதையோட்டைத் தொப்பியாகக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் சரிவு முழுக்க. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வழக்கம்போல அங்கே வந்த ராஜா குதிரையிலிருந்து குதித்து மண்டியிட்டுப் பார்த்தான். எரியாத வடக்குச் சரிவுக்கு ஓடினான். அங்கே ஒன்றுகூட இல்லை.

"உத்தரவைப் போட்டவன் நான். தப்பு என்னுடையது" என்றான். பிறகு, கூட வந்திருந்த தோட்ட அதிகாரியிடம் திரும்பி, "பூதரையரே, பதவியை எப்போது ஒப்படைக்கிறீர்?"

பூதரையர் தலை குனிந்தார்.

"பதவியோட இவரையும் குடுங்க, மகாராஜா" என்றாள் கொற்றி. "வர்ற கோடையிலே வடக்குச் சரிவை எரிக்கணும். தீ தாண்டாம இருக்கச் சுத்தி மண்ணை வெட்ட ஆள் வேணும்."

ராஜா தன் கையாலேயே ஒரு மண்வெட்டியை எடுத்துப் பூதரையரிடம் கொடுத்தான்.

வடக்குச் சரிவை எரித்த அன்று, உள்ளங்கையில் கொப்புளமும் மூக்கில் கரியுமாக நின்ற பூதரையர்தான் முதலில் கத்தினாராம்: "கொற்றி, கேளம்மா! வெடிக்குது, காய் வெடிக்குது!"