மோரல் என்று எழுதிய குதிரை

அந்தக் காலத்து இங்கிலாந்தில் குதிரைக்கு நிறம்தான் முகவரி. முழுக் கறுப்பு என்றால் மோரல், செம்பட்டை என்றால் சோரல், வெள்ளையும் சாம்பலும் கலந்திருந்தால் லியார்ட். போருக்கு இரவலாகப் போகும் குதிரைகளை ஒரு மடத்து ஏட்டில் இப்படித்தான் எழுதிவைத்தார்கள். திரும்பி வந்தால் உரியவரிடம் சேர்க்க அந்த ஒரு சொல்லே சாட்சி.

எழுதியவர் ஓஸ்பர்ட். குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். எழுத்தில் சுத்தம், பிடிவாதத்தில் அதைவிடச் சுத்தம்.

எட்டு வருடம் கழித்துக் குதிரைகள் திரும்பின. அவரவர் ஓட்டிப் போனபின் ஒன்று மட்டும் நின்றது. குன்னில்டா என்ற விதவை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"காது நுனியில வெட்டு இருக்கு பாருங்க சாமி. நான் போட்ட அடையாளம். இவன் இல்லாம இந்த வருஷமும் என் நிலம் தரிசுதான்."

"காது சரிதாம்மா. ஆனா உன் பேருக்கு நேரே மோரல்னு இருக்கு. இது லியார்ட்."

"இவன் அம்மாவும் கறுப்பாப் பொறந்து வெளுத்தவதான் சாமி."

ஓஸ்பர்ட்டுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தப்பான கையில் கொடுத்துவிட்டால்? ஏட்டைத் தூக்கிக்கொண்டு குரு ஹாமோவிடம் போனார்.

குரு எல்லாம் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு ஏட்டை எடுத்தார். மடத்தில் சேர்ந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன.

"இந்த வரியைப் படிங்க."

"ஓஸ்பர்ட். கறுத்த முடி."

"அவரைத்தான் தேடறேன். இருபது வருஷமா இங்கதான் சாப்பிடறாராம்."

ஓஸ்பர்ட்டின் கை தலைக்குப் போனது. மழித்த உச்சியைச் சுற்றி மிஞ்சியிருந்ததெல்லாம் பஞ்சு வெள்ளை. சிரிப்பு வந்தது. இத்தனை வருடமும் இந்த வீடு ஒரு நாள்கூட நீ யார் என்று கேட்காமல் ரொட்டி போட்டதை நினைத்ததும் கண்ணும் நிறைந்தது.

முற்றத்துக்கு வந்து கயிற்றைத் தானே அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கம்மா."

"நல்லா இருங்க சாமி," என்று அவள் அழுதுகொண்டே ஓட்டிப் போனாள்.

ஓஸ்பர்ட் உட்கார்ந்து, மோரல் என்பதை அடிக்கப் பேனாவை மையில் தோய்த்தார்.

பின்னால் வந்து நின்ற குரு, "அடிக்காதீங்க. அன்னைக்கு நீங்க பார்த்தது நிஜம்," என்றார்.

"அப்போ இன்னைக்கு என்ன நிறம்னு எழுத, குருவே?"

"நிறம் எதுக்கு? வீடு வந்து சேர்ந்ததுன்னு எழுதுங்க."