கௌதாரி நட்ட கள்ளி மடல்

கரட்டுக்காட்டில் தீப்பிடித்தது. கௌதாரியின் சப்பாத்திக்கள்ளிப் புதர் எரிந்துபோனது. அந்தப் புதருக்குப் பின்னால் ஒரு பாறைப் பொந்து. அதற்குள் கௌதாரியின் ஐந்து முட்டைகள். பொந்தின் வாசல் இப்போது திறந்து கிடந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் மூன்று வாரம். கீரி ஒன்று ஏற்கெனவே மோப்பம் பிடித்துவிட்டுப் போயிருந்தது.

கருகாமல் மிஞ்சியவை இரண்டே மடல்கள். கௌதாரி அவற்றைக் கொத்தி எடுத்து வந்தது. வாசலில் நட்டு வேர் பிடித்துவிட்டால் போதும், அந்த முள்ளைத் தாண்டி எந்தக் கீரியும் வராது.

பாறைமேல் கிடந்த ஓணான் தலையை ஆட்டியது.

“உடனே நடாதே அக்கா. நிழல்ல போட்டு வை. வெட்டின வாய் காயட்டும். நட்ட பிறகும் தண்ணி ஊத்தாதே.”

“நல்லா இருக்கே! அடிபட்ட பிள்ளைக்குத் தண்ணிகூடத் தரக் கூடாதா?”

“அது பிள்ளை இல்லை, கள்ளி. தனக்கு வேண்டிய தண்ணியை உள்ளேயே வச்சிருக்கு.”

“வெயில் காயுறதைத் தவிர உனக்கு என்ன தெரியும்?” என்றது கௌதாரி.

ஒரு மடலை அன்றே நட்டது. ஓடைக்கும் பொந்துக்கும் நடையாய் நடந்து, அலகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. மடல் உப்பிப் பளபளத்தது. ஆறாம் நாள் கறுத்துக் குழைந்து விழுந்தது.

“கள்ளிக்கு நீச்சல் கத்துக்கொடுத்துட்டே அக்கா,” என்றது ஓணான்.

இன்னொரு மடல் அத்தனை நாளும் நிழலில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் வெட்டுவாய் நன்றாகக் காய்ந்திருந்தது. கௌதாரி அதை மணலில் நட்டது. இம்முறை ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. ஆனால் தினமும் விடிந்ததும் மடலைப் பிடுங்கி அடியைப் பார்த்தது. பிறகு திரும்பவும் நட்டது.

“சும்மா விடேன்.”

“ஒரே ஒரு தடவை. மனசு கேட்க மாட்டேங்குது.”

பத்தாம் நாள் நூல் போல நான்கு வெள்ளை வேர்கள் தெரிந்தன. கௌதாரிக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாள் பிடுங்கியபோது வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிட்டன. அதன் பிறகும் கௌதாரி பிடுங்கிப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

முட்டைக்குள் குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கிய அன்று கீரி வந்தது. காலால் ஒரு தட்டுத் தட்டியது. மடல் சாய்ந்தது. கௌதாரி சிறகடித்துக் கதறியது. கீரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஓணான் கீழே இறங்கி வந்தது.

“நான் என்ன குறை வச்சேன்?” என்று கேட்டது கௌதாரி.

“ஒண்ணும் குறை வைக்கலை அக்கா,” என்றது ஓணான், உடைந்த முட்டை ஓடுகளைப் பார்த்தபடி.

செய்ய வேண்டியதைச் செய்தபின் சும்மா இருக்கத் தெரியாவிட்டால், நம் அக்கறையே நாம் வளர்ப்பதைக் கொன்றுவிடும்.