முத்திருளாயியின் முளைப்பாரி

முத்திருளாயி அம்மாள் விடியுமுன் எழுவார். பச்சைத் தண்ணீரில் குளிப்பார். எலுமிச்சைத் தோலை உள்ளங்கையில் தேய்ப்பார். மாரியம்மன் கோயில் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார். படியேற மாட்டார். வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார்.

சந்தையில் மீன் அரிந்து கொடுப்பது அவர் தொழில். செதில் சுரண்டி, குடல் எடுத்து, சாம்பல் போட்டு உரசிக் கழுவித் தருவார். எத்தனை எலுமிச்சை தேய்த்தாலும் அந்த வாடை கையை விட்டுப் போகவில்லை. படியேறாததற்கு அதுதான் காரணம். யாரும் தடுத்ததில்லை. வா என்று யாரும் அழைத்ததும் இல்லை.

கணவர் கல்யாணமான சில வருடங்களில் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவர் கோயில் வாசலைப் பெருக்கினார். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். வாசலில் குப்பை கிடந்தது; பெருக்கினார்.

ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பால்சுறா வரும் நாளில் கூலிக்குப் பதிலாக ஒரு துண்டு கேட்டு வாங்குவார். அவித்து, உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டாகக் கிளறி அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். தாய்க்குப் பால் ஊறும். யார் வீடு, தன்னை என்ன பேசிய வீடு என்று பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பங்குனித் திருவிழாவில் சட்டியில் பயறு முளைக்கவைத்து அம்மனுக்கு முளைப்பாரி தூக்க வேண்டும். பாரி போடும் பெண்களுக்குத் தலைவி பூரணம். வருடா வருடம் அவரிடம் போய்க் கேட்பார்.

"மதினி, இந்த வருசமாச்சும் எனக்கு ஒரு பாரி குடுங்க."

"ஒன் கையால போட்டா பயறு முளைக்குமாடி, கெளுத்தி முளைக்குமா?"

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். முத்திருளாயி அம்மாளும் சிரித்தார்.

"எது முளைச்சாலும் ஆத்தா குடுத்ததுதான் மதினி."

ஒரு வருடம் பாரி போடும் வீடொன்றில் துக்கம் விழுந்தது. ஓர் ஆள் குறைந்தது. பூரணம் வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டார். கையில் காப்புக் கட்டிவிட்டு, விரதம் முடியும்வரை மீனைத் தொடக் கூடாது என்றார். முத்திருளாயி அம்மாள் அரிவாள்மணையைப் பரண்மேல் வைத்தார். "மீனை விட்டுட்டு மாரியப் புடிச்சிட்டாடா" என்று சந்தையில் கேலி பேசினார்கள். வருமானம் நின்றது. கஞ்சி குடித்தார். சில நாள் அதுவும் இல்லை. இருட்டு அறையில் அவர் பயறு நெருக்கமாக முளைத்து எழுந்தது. பூரணமே குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

காப்புக் கட்டியவர் பிறப்பு வீட்டுக்கோ இறப்பு வீட்டுக்கோ போகக் கூடாது. போனால் தீட்டு. பிறகு பாரியைத் தொட முடியாது. ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விதி அது.

ஊர்வலத்தன்று பூரணம் முதல் பாரியோடு முன்னால் போனார். முத்திருளாயி அம்மாள் கடைசியில் வந்தார். பூரணத்தின் வீட்டைக் கடக்கும்போது உள்ளே அலறல் கேட்டது. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பாண்டிச்செல்வி. நாள் இருக்கிறது என்று தனியே விட்டுவிட்டு எல்லாரும் கிளம்பியிருந்தார்கள்.

பெண்கள் நின்றார்கள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள்.

"காப்புக் கட்டாத ஆளு யாராச்சும் இருந்தா கூப்பிடுங்கடி!"

அங்கிருந்த பெண்களில் அப்படி ஒருவரும் இல்லை. பூரணம் திரும்பி ஓடி வந்தார். தலையில் முதல் பாரி. தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். "ஆத்தா, நான் என்ன செய்வேன்" என்றார். பாரியை இறக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

முத்திருளாயி அம்மாள் தன் பாரியை இறக்கி வாசல் திண்ணையில் வைத்தார். இத்தனை வருடம் கேட்டு வாங்கியது. ஒரு கணம் அதைப் பார்த்தார். காப்பை அவிழ்த்து அதன்மேல் போட்டார். உள்ளே போனார்.

"அத்தை, நீங்க வராதீக... தீட்டு" என்று அழுதாள் பாண்டிச்செல்வி.

"உசுரு வாற எடத்துல என்னடி தீட்டு? என் கையப் புடி. மூச்ச நல்லா இழுத்து விடு."

ஆம்புலன்ஸ் கூட்டத்துக்கு அப்பால் நின்றுவிட்டது. நர்ஸ் பையோடு ஓடி வந்து சேர்ந்தபோது குழந்தை முத்திருளாயி அம்மாளின் கையில் இருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்றார் நர்ஸ்.

பாரி கரைக்க ஊர்வலம் மீண்டும் ஆற்றை நோக்கிக் கிளம்பியது. திண்ணையில் ஒரு பாரி தனியே நின்றது. அடுத்தவர் பாரியை யாரும் தூக்குவதில்லை. கரகம் சுமந்த சாமியாடி அந்த வாசலுக்கு வந்தார். அவர்மேல் அம்மன் அருள் இறங்கியது.

"ஒரு பாரி கொறையுதே. எங்கடி எம் மக?"

"அவளுக்குத் தீட்டு, ஆத்தா" என்றார் பூரணம்.

"ஊரையே பெத்தவ நான். எனக்குத் தெரியாத தீட்டா? அவளக் கூப்புடு. அவ வந்து தூக்காம நான் ஆத்துல எறங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அம்மன் அந்த வெயிலில் நின்றாள். கொட்டு நின்றது. ஊர் நின்றது. பூரணம் பாரியோடு நிலைப்படியில் மண்டியிட்டு, "வாடி தாயி, ஆத்தா ஒனக்காக வாசல்ல நிக்கிறா" என்று அழைத்தார்.

தெய்வத்துக்காகக் காத்திருந்த அடியார்கள் பலர். தெய்வம் காத்திருந்த அடியார் எங்கள் முத்திருளாயி அம்மாள். அவர் புகழ் வாழ்க.

அன்று அவர் உள்ளிருந்து சொன்ன பதிலை ஊர் பலவிதமாகச் சொல்கிறது. பாடினார் என்பார்கள். கதறினார் என்பார்கள். வாசலில் நின்றவர்கள் கேட்டது இவ்வளவுதான்:

"வாறேன் மதினி. பிள்ள இப்பத்தான் பால்ல வாய வச்சிருக்கு. ஆத்தாளச் செத்த நேரம் நிக்கச் சொல்லுங்க."