ஆள்காட்டிக்குக் கிடைத்த வேலை

அந்தக் காலத்தில், பறவையும் பாம்பும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், ஓர் ஏரிக்கரைக்கு ராஜாவும் இல்லை, காவலும் இல்லை. தாகம் எடுத்தவர் குடித்தார், இடம் கிடைத்தவர் முட்டையிட்டார். சாரைப்பாம்பு கூடு கூடாகப் புகுந்து முட்டைகளை விழுங்கத் தொடங்கியதும் எல்லோரும் பயந்துபோனார்கள். பருந்தைக் காவலுக்கு வைப்பது என்று கூடிப் பேசினார்கள்.

ஆள்காட்டிக் குருவிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அப்போது அவளுக்கும் மரத்தில்தான் கூடு.

"குடிக்கத் தண்ணியும் குஞ்சு பொரிக்க இடமும் நமக்கு யாரும் குடுத்ததில்ல, பொறக்கும்போதே கூட வந்தது," என்றாள் பருந்திடம். "அதைக் காக்கத்தான் உனக்கு அதிகாரம். நீயே அதுல கை வெச்சா, குடுத்ததைத் திரும்ப வாங்கிக்குவோம்."

"நியாயந்தானே," என்றது பருந்து. "ஆனா உசரத்துல இருந்தாத்தான் எனக்குப் பாம்பு தெரியும். மரத்தை விட்டுக் குடுங்க."

எல்லோரும் மரத்தைப் பருந்துக்கு விட்டு இறங்க வேண்டும், பருந்து தப்பு செய்தால் ஆள்காட்டி கத்த வேண்டும், உடனே அத்தனை பேரும் ஒன்றாகத் திரண்டு வர வேண்டும் என்று முடிவானது. பேசியவளே முதலில் செய்ய வேண்டாமா? ஆள்காட்டி மரத்தை விட்டு இறங்கி வெறுந்தரையில் முட்டையிட்டாள். பாவி, அத்தனை பேரையும் நம்பினாள். மற்றவர்களோ இன்று நாளை என்று மரத்திலேயே இருந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு பாம்பின் வாலைக்கூட யாரும் பார்க்கவில்லை. அந்த நிம்மதியில் இருந்தபோதுதான், ஒரு நண்பகலில், முட்டையை விட்டு வெளிவந்த ஈரம் காயாத குஞ்சைப் பருந்து தூக்கிப்போனது.

ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தினாள். எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை.

"ஏன் சும்மா இருக்கீங்க? பேசினது மறந்துபோச்சா?"

"மறக்கல அக்கா. நீ சொல்றது நியாயந்தான்," என்றது கொக்கு, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா பருந்து போயிட்டா பாம்பு வருமே."

பருந்து திரும்பி வந்து அடுத்த குஞ்சையும் எடுத்தது. அவள் கத்தல் காதைத் துளைக்கிறது, வாயை அடைக்கட்டுமா என்று காக்கை கேட்டது.

"வேண்டாம், கத்தட்டும்," என்றது பருந்து. "அது அவ உரிமை."

அன்று முதல்தான் ஆள்காட்டி மரத்தில் உட்காராமல் தரையிலேயே முட்டையிடுகிறாள், நிழல் அசைந்தாலும் ஊரைக் கூட்டுவதுபோல் கத்துகிறாள், மற்ற பறவைகள் ஒரு கணம் தலை தூக்கிக் கேட்டுவிட்டு மறுபடி இரை பொறுக்குகின்றன.